பூட்டியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம். வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, ஓய்வும் பெற்று, இப்போது கரமனையில் இருக்கிறேன். நாலு வருடமாக ஒரு கிறுக்கு. குடும்பத்து ஆட்களை எல்லாம், இருக்கிறவர்களையும் போனவர்களையும், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று. அம்மைக்கு 86 வயது. அவளுக்குத் தெரிந்தது அவளோடு போய்விடக் கூடாது.

முதலில் செல்போனில் ஓர் இலவசச் செயலியில் ஏற்றினேன். 250 பேரைத் தாண்டியதும் பணம் கேட்டது. கட்டவில்லை. பிறகு நான் ஏற்றியதை நானே முழுதாகப் பார்க்க முடியவில்லை. போதாததற்கு, முன்பின் தெரியாத ஒருவர் என் மகளின் பிறந்த தேதியை அதில் பார்த்துவிட்டு "நட்சத்திரம் என்ன?" என்று கேட்டு மெயில் அனுப்பினார். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்தேன்.

என் அக்கா மகன் கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் லினக்ஸில் படித்து வளர்ந்தவன். அவன்தான் லேப்டாப்பில் கிராம்ப்ஸ் என்ற, வம்சாவளி எழுதும் கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். திறந்தால் ஆயிரம் பெட்டிகள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறது. எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாட்டாவின் ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கிறது, அதை எப்படி எழுதுவது? அப்பாவின் சதாபிஷேகத்துக்கு அச்சடித்த குடும்ப மலரின் ஃபைல் ஒரு சிடியில் கிடைத்தது. திறந்தால் எல்லாம் கிறுக்கல் எழுத்து.

அம்மை வழியில் முன்பு மருமக்கள்வழி, மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை. கணினி வரைந்த படத்தில், குடும்பத்தை ஆண்ட காரணவர், அதாவது மூத்த தாய்மாமன், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மை பார்த்துவிட்டு "இது ஆருக்க குடும்பம்?" என்று கேட்டாள்.

கடைசியாக ஒன்று. அம்மையின் சித்தி ஒருவர் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போனவர். அவர் பெயரை எழுதக் கூடாது என்கிறார் மாமா. அம்மை அப்போது வாயைத் திறக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "அவளுக்கு ரெண்டு பிள்ளைய உண்டு" என்று மட்டும் சொன்னாள்.

என்ன செய்யட்டும்? வெளியிடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம்.

தங்கள் வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

பெயரையும் வீட்டுப் பெயரையும் எடுத்துவிட்டேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் எடுத்திருப்பேன்.

உங்கள் அக்கா மகன் சொன்னதைக் கேளுங்கள். நானும் ஏழு வருடமாகக் கிராம்ப்ஸில்தான் எழுதுகிறேன். குறை இல்லாத மென்பொருள் அல்ல அது. ஆனால் உங்களுக்கு நேர்ந்தது அதில் நேராது. அந்தக் காலத்து ஊட்டுப்புரைகளில், அதாவது அன்னசத்திரங்களில், சோறு இலவசம். ஆனால் அடுக்களைச் சாவி நம்மிடம் கிடையாது, கதவைச் சாத்திவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். நீங்கள் ஏற்றிய செயலி அந்த மாதிரி. கிராம்ப்ஸ் அடுக்களையையே நம் வீட்டில் கட்டிக் கொடுக்கிறது. டான் ஆலிங்ஹாம் என்பவர் 2001இல் தொடங்கி, பிறகு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதிவருவது. ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பதால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதே 2001இல்தான் உங்கள் திருவனந்தபுரத்தில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அக்கா மகனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

எழுதுவது முழுக்க உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். வாரம் ஒரு தடவை காப்புப் பிரதி எடுத்து ஒரு பென்டிரைவில் உங்களிடமும், இன்னொன்றில் வேறு ஊரிலிருக்கும் ஒருவரிடமும் வையுங்கள். அந்த ஃபைல் சுருக்கிக் கட்டிய வெறும் எழுத்துதான், எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில். நாளைக்குக் கிராம்ப்ஸே இல்லாமல் போனாலும் அவிழ்த்துப் படித்துவிடலாம். ஜெட்காம் என்ற பொது வடிவத்திலும் வெளியே எடுக்கலாம், மற்ற வம்சாவளி மென்பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே அதைப் படிக்கும். தொழில்நுட்பம் இவ்வளவு போதும்.

ஜெட்காம் என்று சொன்னேன் அல்லவா, உங்கள் அம்மை கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அதை 1984இல் உருவாக்கியது அமெரிக்காவின் மோர்மன் திருச்சபை. இறந்துபோன முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் முன்னோர் யார் என்று தேடுவது அவர்களுக்குச் சமயக் கடமை. நமக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வடிவத்தில் குடும்பம் என்றால் ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். பின்னால் வந்த மென்பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த அச்சில் வார்த்தவை. நம் பூட்டிகளின், கொள்ளுப்பாட்டிகளின், காலத்தில் குடும்பம் என்றால் அது அல்லவே? ஒரு அம்மை, அவள் பிள்ளைகள், அவளுடைய சகோதரன்மார். காரணவருக்குச் சொத்தின் மேல் அதிகாரம் உண்டு, அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தறவாட்டில், தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தில், இடம் இல்லை. அவர் கண்ணை மூடியதும் மனைவியும் மக்களும் 'உகந்துடைமை' என்று கிடைத்ததை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கண்ணீரைத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' என்று கவிமணி சிரிக்கச் சிரிக்கப் பாடி வைத்தார்.

ஆகவே படம் தப்பு அல்ல, நீங்கள் தொடங்கிய இடம்தான் தப்பு. பூட்டனிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். அம்மை வழிக்குப் பூட்டியிலிருந்து தொடங்குங்கள். அவளை உச்சியில் வைத்து வம்சப் படத்தை வரையச் சொன்னால் காரணவர் அவளுடைய மகனாக, உங்கள் ஆச்சிக்குப் பக்கத்தில், நடுவிலேயே வந்து நிற்பார்.

திருவிதாங்கூர் அரசர்களின் பட்டியலை அப்பன், மகன் என்று கோடு போட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் ஒருவர் ஒட்டாது. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பிறகு 1758இல் பட்டத்துக்கு வந்த தர்மராஜா அவருடைய மருமகன், அதாவது சகோதரி வழிப் பிள்ளை. இடையில் ராணிகளை எழுதினால்தான் கோடு சேரும். 1900இல் அந்த வீட்டில் தத்து எடுத்தார்களே, யாரை? இரண்டு பெண் குழந்தைகளை, மாவேலிக்கரையிலிருந்து. ஆண் எத்தனை பேர் இருந்தாலும் பெண் இல்லாவிட்டால் வம்சம் அற்றுப்போகும். அந்த இருவரில் ஒருவர் பெற்ற மகன்தான் கடைசி மகாராஜாவான சித்திரைத் திருநாள். கிராம்ப்ஸில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவு பெற்றதா, தத்தா, மாற்றாந்தாய் முறையா என்று தாய்க்குத் தனியாகவும் தகப்பனுக்குத் தனியாகவும் குறிக்கலாம். உங்கள் குடும்பத்திலும் தத்து இருந்தால் (இல்லாத குடும்பம் குறைவு) அதை மறைக்காமல் எழுதுங்கள்.

பெயர் விஷயம். என் தம்பி மகன் எனக்கு உதவுகிறேன் என்று உட்கார்ந்து, எல்லோருக்கும் குடும்பப் பெயர் பெட்டியில் 'பிள்ளை' என்று நிரப்பிவிட்டான், பெண்களுக்கும் சேர்த்து. தரவைச் சரிபார்க்கும் கருவி ஒன்று உண்டு. அதை ஓடவிட்டதும் 'கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குடும்பப் பெயர்' என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை. ஐரோப்பியருக்கு அது சந்தேகத்துக்குரிய சங்கதி. நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம்.

நான் இப்போது செய்வது இது. ஆளுடைய பெயர் பெயர்ப் பெட்டியில். இன்ஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டு, அதன் தோற்றம் என்ன என்று கேட்கும் இடத்தில் 'தந்தை பெயர்வழி' என்று தேர்ந்தெடுக்கிறேன். ஊர்ப் பெயரை முன்னால் வைத்தவர்களுக்கு 'இடம்'. பிள்ளை, அம்மாள் எல்லாம் பின்னொட்டு. பட்டப்பெயருக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். எங்கள் வீட்டில் நாலு தாணு இருந்தார்கள். சுசீந்திரம் தாணுமாலயனைக் கும்பிடுகிற வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? யார் எவர் என்று பிரித்துச் சொல்வது பட்டப்பெயர்தான். வயல் தாணு, பள்ளிக்கூடத்துத் தாணு. நாலாமவருக்கு வழங்கிய பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. கிராம்ப்ஸில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் தோற்றப் பட்டியலில் ஒருநாள் கண்ணை ஓட்டியபோது 'தாய்வழி' என்றும் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். பழைய பத்திரங்களில் ஆண்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நிற்பது சில வேளை அப்பன் பெயராக இருக்காது, தாய்மாமன் பெயராக இருக்கும். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் அப்படித்தான். நான் அதை அப்பன் பெயர் என்று நினைத்து ஒரு தலைமுறையையே இடம் மாற்றி எழுதியிருந்தேன். மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவே இல்லாத ஒரு மகனை உண்டாக்கி, அவனுக்கு உத்தேசமாக ஒரு பிறந்த வருடமும் கொடுத்திருந்தேன். நாலு மாதம் அவன் எங்கள் குடும்பத்தில் இருந்தான்.

அந்தப் பத்திரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆச்சி தன் வயதைக் கேட்டால் "நான் வெள்ளத்து வருசம் பொறந்தவ" என்பாள். வெள்ளம் என்றால் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம், கொல்லம் 1099 கர்க்கடகம் (ஆடி), அதாவது 1924 ஜூலை. பெருநாசம் வடக்கேதான், மூணாறு வரைக்கும். ஆனாலும் 'தொண்ணூத்தொம்பது' என்பது நாஞ்சில் நாட்டிலும் ஆண்டுக்கு அடையாளமாக நின்றுவிட்டது. நானும் எழுதிக்கொண்டேன்: பிறப்பு 1924.

பிறகு பெரியம்மையின் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பாகப்பத்திரம் அகப்பட்டது. கொல்லம் 1101, அதாவது 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் என்ற சட்டம் வந்த பிறகு மருமக்கள்வழி வீடுகள் ஒவ்வொன்றாகப் பாகம் பிரிந்தன. அந்தப் பாகப்பத்திரங்கள் வம்சாவளி எழுதுகிறவனுக்குப் புதையல். பங்குக்கு உரிய ஒவ்வொருவரையும், தொட்டில் பிள்ளை வரைக்கும், வயதோடு எழுத வேண்டுமே. பெண்கள் பெயர் ஒன்று விடாமல் வருகிற பழைய காகிதம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் பத்திரம் 1103 பங்குனி. அதில் ஆச்சிக்கு வயது 7.

1103 பங்குனி என்றால் 1928 மார்ச், ஏப்ரல். ஏழு வயது என்றால் அவள் 1920, 21 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்கு மூன்று நாலு வருடம் முந்தியே அவள் இருந்திருக்கிறாள்.

பெரியம்மையிடம் கேட்டேன். அப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. பத்திரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அது இவ இல்ல மக்கா. வெள்ளத்துல பொறந்தது இவளுக்கு எளையது. ரொம்ப நாளு இருக்கல்ல" என்றாள். பெயர் என்ன? "பேரு எனக்கு ஓர்மை இல்ல. பேரு விட்டாளோ என்னமோ."

அந்தக் குழந்தை பத்திரத்தில் இல்லை, ஏனென்றால் பத்திரம் எழுதுவதற்குள் இறந்துவிட்டது. ஜாதகம் இல்லை, வேறு ஒரு காகிதமும் இல்லை. ஆச்சி தெரிந்தேதான் தங்கையின் பிறந்த வருடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டாளா, இல்லை அவளுக்கே குழம்பிவிட்டதா? எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆனால் அதைக் கிராம்ப்ஸில் எழுதவில்லை, அது சாட்சி அல்ல.

நான் எழுதியது என்ன தெரியுமா? ஆச்சிக்குப் பிறப்பு நிகழ்வு இரண்டு. ஒன்று சுமார் 1920, ஆதாரம் பாகப்பத்திரம், நம்பகம் 'அதிகம்'. மற்றது 1924, ஆதாரம் அவளே சொன்னது, நம்பகம் 'குறைவு'. கிராம்ப்ஸில் ஒவ்வொரு ஆதாரக் குறிப்புக்கும் மிகக் குறைவு தொடங்கி மிக அதிகம் வரைக்கும் ஐந்து படி உண்டு. அந்தக் குழந்தைக்கும் ஒரு பதிவு போட்டேன். பெண், பிறப்பு 1924, ஆதாரம் பெரியம்மை வாய்மொழி. பெயர் இல்லாதவர்களுக்கு மென்பொருள் தானாகச் சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் 'பெயர் விடுபட்டது' என்று காட்டும். அதை விருப்பங்களுக்குள் போய் மாற்றலாம். நான் 'வெள்ளத்துக் குழந்தை' என்று மாற்றப் பார்த்தேன். அப்படிச் செய்தால் பெயர் தெரியாத அத்தனை பேரும் வெள்ளத்துக் குழந்தை ஆகிவிடுவார்கள் என்று தம்பி மகன் சிரித்தான். இப்போது அந்தச் சொல் பட்டப்பெயர்ப் பெட்டியில் இருக்கிறது.

சகோதரி, நீங்கள் மரத்தை எழுதப் பார்க்கிறீர்கள். சாட்சியை எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்தக் காகிதம், அது யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கே அம்மையை 'ஆதாரம்' என்று ஒரு பதிவாகப் போடுங்கள். அவள் பேசுவதைச் செல்போனில் பதிந்து அந்த ஆதாரத்தோடு இணையுங்கள். நாளைக்கு மாமா வேறு மாதிரி சொல்வார், அதையும் போடுங்கள். இருவரில் யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முதல் இரண்டு வருட வேலை முழுக்க வீணாகப் போனது. 300 பேர் எழுதியிருந்தேன், ஒருவருக்கும் யார் சொன்னது என்ற குறிப்பு இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள்.

கொல்லம் ஆண்டுக் கணக்கு எளிது. ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824ஐக் கூட்டுங்கள், அதன் பிறகு ஆடி முடிகிற வரை 825. கிராம்ப்ஸில் கொல்லம் நாள்காட்டி கிடையாது. எனக்கு இதில் கொஞ்சம் ஆத்திரம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பன்னிரண்டு வருடம் போலப் புழங்கிக் கைவிட்ட நாள்காட்டி அதில் இருக்கிறது. ஸ்வீடனில் 1700 முதல் 1712 வரை மட்டும் இருந்த குளறுபடி நாள்காட்டிக்கும் இடம் உண்டு. கி.பி. 825இல் தொடங்கி, 1200ஐத் தாண்டி, இன்றைக்கும் நாகர்கோவில் கல்யாணக் கடிதத்தில் அச்சாகிற கொல்லத்துக்கு இல்லை. மூல நிரல் திறந்துதான் கிடக்கிறது, பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் யாராவது மனது வைக்கலாம். உங்கள் அக்கா மகனுக்கு என்ன வேலை? அதுவரைக்கும், தேதிப் பெட்டியில் ஆங்கிலத் தேதியைப் போட்டு அதோடு ஒட்டிய குறிப்பாக 'கொல்லம் 1103 பங்குனி' என்று உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள். மாற்றிய கணக்கில் நாம் பிழை செய்திருந்தால் பின்னால் வருகிறவர் பிடித்துவிடுவார்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். உங்கள் பாட்டா பூதப்பாண்டியில் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அம்மையின் சின்ன வயதில், 1949 ஜூலை 1இல், அது திரு-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1969இல் அது தமிழ்நாடு. வீட்டை விட்டு நகராமல் நாலு அரசாங்கத்தில் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். கிராம்ப்ஸில் ஓர் இடம் எந்த இடத்துக்குள் அடங்கும் என்பதைக் கால வரம்போடு எழுதலாம். ஒரே பூதப்பாண்டிக்கு நாலு வரிசை போட்டுவிட்டால், தேதியைப் பார்த்து அதுவே சரியானதைக் காட்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

சிடியில் உள்ள கிறுக்கல் கிறுக்கல் அல்ல. அப்போதைய அச்சகங்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி, அச்சு மலரோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கப் போகிறீர்கள் என்பதால். இந்த மென்பொருளிடம் இரண்டு பேருக்குள் உறவு என்ன என்று கேட்டால் சொல்லும். ஆனால் மாமன் மகளும் பெரியப்பா மகளும் அதற்கு ஒன்றே, இருவரும் 'கசின்'. நமக்கு ஒருத்தி கட்டிக்கொள்ளும் முறை, மற்றவள் உடன்பிறப்பு. இந்த வேறுபாட்டைக் கண்டு அசந்துபோன அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன். தன் நாட்டு இரோகுவாய் பழங்குடிகளின் உறவுமுறையும் தமிழர்களின் உறவுமுறையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 1871இலேயே பெரிய புத்தகம் போட்டார். மென்பொருள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை, மைனி, அத்தான், அம்மாச்சன் என்று, குறிப்பில் எழுதுங்கள். முறைக்கல்யாணம் நடந்த இடங்களில் படம் ஒரே ஆளை இரண்டு இடத்தில் காட்டும், பயப்பட வேண்டாம். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டிகள் எட்டுப் பேர் அல்ல, ஆறு பேர்தான்.

இனி, அந்தச் சித்தி.

எழுதுங்கள். அவர் பெயர், அவர் கணவர் பெயர், இரண்டு பிள்ளைகள், தெரிந்தவரை எல்லாம். கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பூட்டு அடையாளம் உண்டு. அதைப் பூட்டி வைத்தால், வெளியே கொடுப்பதற்கு எடுக்கும் பிரதியில் தனிப்பட்ட பதிவுகளைத் தவிர்க்கலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களையும் அப்படியே. உங்கள் மகளின் பிறந்த தேதிக்கு இனி ஜாதகம் கேட்டு யாரும் எழுத மாட்டார்கள். மாமாவுக்குக் கொடுக்கும் பிரதியில் சித்தி இருக்க வேண்டாம். அது அவரோடு சண்டை போடுவதற்கான இடம் அல்ல, அவருக்கும் வயதாகிவிட்டது. ஆனால் உங்களிடம் இருக்கும் மூலத்தில் அவர் இருக்க வேண்டும். பூட்டுவது வேறு, அழிப்பது வேறு. மாமா கேட்பது இரண்டாவதை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. குடும்ப மரம் எழுதுகிற ஆர்வம் நம் பக்கத்தில் பெரும்பாலும் எங்கே போய் முடிகிறது என்று பார்த்திருக்கிறேன். மூன்று தலைமுறைக்கு மேல் ஒரு பெயரும் தெரியாத வீட்டில், முதல் பெயராக ஒரு சேர மன்னனை எழுதி அங்கிருந்து புள்ளிக்கோடு போட்டு இறக்கியிருப்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜாவைத் தெரியும், ஊரைவிட்டுப் போன அத்தையைத் தெரியாது. அந்த மாதிரி மரங்களில் நடக்கும் வேலை சேர்ப்பது அல்ல, வெட்டுவது. வெட்டுப்பட்டவர்களில் பெண்களே அதிகம்.

உங்கள் அம்மை பேச விரும்புகிறாள். விளக்கு அணைந்த பிறகு பேசினாள் என்றால், விளக்கு அணைந்த பிறகே கேளுங்கள். பெட்டி பெட்டியாக நிரப்பும் கேள்விகள் வேண்டாம். "சித்தி கைப்பக்குவம் எப்படி இருக்கும்?" என்று தொடங்குங்கள். அவர் போனது கிறிஸ்தவக் குடும்பத்துக்கு என்றால், அந்தப் பிள்ளைகள் எந்த ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நம் மாவட்டத்துத் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு எழுதும் வழக்கம் உண்டு. அங்கே போய் மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் யாராவது ஒரு பேத்தி இதே மாதிரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் ஆச்சி எந்த வீட்டுப் பெண் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

அச்சடிப்பதாக இருந்தால் ஒரு யோசனை. பெரிய படமாக, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி வேண்டாம். சாதாரணத் தாளில், வலப்பக்கம் மட்டும் அச்சடித்து, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஆளுக்கு ஒரு பேனாவும் சேர்த்துக் கொடுங்கள். நான் அப்படித்தான் தம்பி மகள் கல்யாணத்தில் 40 பிரதி கொடுத்தேன். திரும்பி வந்தது 11. அதில் 63 பிழை திருத்தங்களும், ஒரு சாம்பார் கறையும், வயல் தாணுவுக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய 400 ரூபாய்க் கடன் பற்றிய குறிப்பும் இருந்தன.

அன்புடன்
அண்ணாச்சி